உருப்படி வேறு, அச்சு வேறு

கம்ப்யூட்டரில் ஒரு பிளாஸ்டிக் மூடியை வரைவது இன்று பெரிய வேலை இல்லை. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் டிப்ளமோ முடித்த பிள்ளைகள் சில மாதங்களிலேயே மாடலிங் கற்றுக்கொண்டு அருமையாக வரைகிறார்கள். அந்த மூடியின் மேல் அச்சாக வேண்டிய எழுத்து, அம்புக்குறி, நிறுவனச் சின்னம், ஐ.எஸ்.ஐ. முத்திரை இவற்றையெல்லாம் மாடலிலும் டிராயிங்கிலும் எப்படிக் காட்டுவது என்று கேட்டால்தான் கை நின்றுவிடுகிறது. நான் படித்த பாடத்தில் இதற்கென்று ஒரு பக்கம்கூட இல்லை. கோயம்புத்தூரில் மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டிகளுக்கு டிராயிங் போட்டுப் பழகியவன் நான். இப்போது செட்டியார்பட்டியில் வீட்டிலிருந்தபடியே பெட்டி, மூடி, பேனல், டப்பா என்று பல ஊர்களுக்கும் வரைந்து அனுப்புகிறேன். இந்த வேலையில் கற்றதை, அடுத்து வருகிற பிள்ளைகளுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

எங்கள் பகுதியில் இதற்கு ஒரு நல்ல முன்னோடி உண்டு: சிவகாசித் தீப்பெட்டி. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த கதை இந்த மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்ற தேவைதான் சிவகாசியின் அச்சுத் தொழிலையும் வளர்த்தது. பெட்டி ஒட்டுபவர் ஓரிடம், லேபிள் அச்சடிப்பவர் வேறிடம். பெட்டி ஒட்டும் கைக்கு லேபிளில் என்ன படம் என்பது பற்றிக் கவலை இல்லை. லேபிள் அடிப்பவருக்குக் குச்சியின் நீளம் தெரிய வேண்டியதில்லை. இருவருக்கும் பொதுவாகத் தெரிய வேண்டியது லேபிளின் அளவும், அது பெட்டியின் எந்த முகத்தில், எந்த விளிம்பிலிருந்து உட்காரும் என்பதும் மட்டுமே. படம் மாறினாலும் பெட்டி மாறாது.

உருப்படிக்கும் அச்சுக்கும் உள்ள உறவு இவ்வளவுதான். அச்சு என்பது உருப்படியின் வடிவம் அல்ல. அது தனியான ஒரு ஆவணம். தனி எண், தனித் திருத்த வரிசை, தனி ஒப்புதல் உடையது. எந்த இடத்தில், எந்த முறையில் அச்சாக வேண்டும் என்பதை டிராயிங் சொல்லட்டும். என்ன அச்சாக வேண்டும் என்பதை ஆர்ட்வொர்க் ஃபைல் சொல்லட்டும். டிராயிங்கில் அந்த ஆர்ட்வொர்க்கின் எண்ணும் திருத்த எழுத்தும் இருந்தால் இரண்டும் பிணைந்துவிடும். நான் சொல்லப்போகிற எல்லாமே இதிலிருந்து வருபவை.

சிவகாசியில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்கிற ஒரு அண்ணாச்சியிடம், வேறு ஓர் இடத்திலிருந்து வந்த டிராயிங்கைக் காட்டி விலை கேட்கப் போயிருந்தேன். பேனலின் முகப்பில் எழுத்துகள் அழகாகவே தெரிந்தன. அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “தம்பி, எழுத்து எங்க வரணும்னு போட்ருக்கீக. எந்த எழுத்து, எந்த ஃபாண்ட்டுன்னு எங்க இருக்கு? இதப் பாத்து நான் வரைஞ்சா அது என் எழுத்துல்ல ஆயிரும்” என்றார். அந்த டிராயிங்கை வரைந்தவரிடம் அசல் ஆர்ட்வொர்க் இருந்தது. அதை யாரும் கூட அனுப்பவில்லை. டிராயிங்கில் தெரிகிற படத்தைப் பார்த்து அச்சுக்காரர் புதிதாக வரைந்துகொள்வார் என்ற நினைப்பு இந்தத் தொழிலில் பரவலாக இருக்கிறது. அதனால்தான் ஒரே நிறுவனத்தின் சின்னம் ஒவ்வொரு பெட்டியிலும் ஒவ்வொரு சாயலில் வந்து நிற்கிறது.

மாடலுக்குள் அச்சை எப்படிக் காட்டுவது? பலரும் முதலில் செய்வது, எழுத்தை முகத்தின் மேல் 0.1 மி.மீ. உயர்த்திவிடுவது. அல்லது அதே அளவு குழித்துவிடுவது. இதை நான் வலுவாக மறுக்கிறேன். ஸ்கிரீன் அச்சில் காய்ந்த மையின் கனம் சில பத்து மைக்ரான். பேட் அச்சில் அதைவிடவும் குறைவு. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று. அதை வடிவமாக்குவதால் யாருக்கும் பயனில்லை, ஃபைல் மட்டும் கனத்துவிடும். தமிழ் எழுத்தின் ஒவ்வொரு சுழியும் பல வளைகோடுகள்; ஒரு பத்தி எழுத்தை உயர்த்தினால் மாடலைத் திருப்பிப் பார்க்கவே கம்ப்யூட்டர் திணறும். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. இப்படி உயர்த்திய மாடலை ஒரு நிறுவனம் மோல்டு செய்பவருக்கு ஸ்டெப் ஃபைலாக அனுப்பியதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். மோல்டுக்காரர் எழுத்து வார்ப்பிலேயே வர வேண்டும் என்று புரிந்துகொண்டு, ஸ்டீலில் எழுத்தைக் குடைந்துவிட்டார். அவர்மேல் குற்றமில்லை. மாடல் அப்படித்தான் சொன்னது. வார்ப்பில் வர வேண்டிய எழுத்துக்கு மட்டும் வடிவம் கொடுங்கள். மையால் வருவதற்கு வடிவம் வேண்டாம்.

டீக்கல் என்ற வசதி ஏறக்குறைய எல்லா மாடலிங் மென்பொருளிலும் உண்டு. படத்தை முகத்தின் மேல் ஒட்டிக் காட்டும். வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே தோற்றத்தைக் காட்ட இது நல்ல வழி. கேட்டலாக் படம் எடுக்கவும் உதவும். ஆனால் அது வெறும் படம். அளவெடுக்க முடியாது. ஸ்டெப் ஃபைலாக மாற்றும்போது பொதுவாக உதிர்ந்துவிடும். டிராயிங்கின் கோட்டுத் தோற்றங்களில் நம்பி வைக்க முடியாது. எனவே டீக்கலைப் பார்வைக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஆதாரமாக வைக்காதீர்கள்.

எனக்கு மிகவும் கைகொடுத்தது, முகத்தைப் பிரிக்கிற வழி. சாலிட்வொர்க்ஸில் ஸ்பிளிட் லைன் என்பார்கள். மற்ற மென்பொருள்களிலும் வேறு பெயர்களில் இருக்கிறது. அச்சு வரப்போகும் பகுதியை எழுத்து எழுத்தாக இல்லாமல், எல்லா எழுத்தையும் அடக்கிய ஒரே செவ்வகமாகவோ வட்டமாகவோ முகத்தில் பிரித்துவிடுவேன். பிரிந்த முகத்துக்கு வேறு நிறம் கொடுப்பேன். ஏபி 214, ஏபி 242 வகை ஸ்டெப் ஃபைலில் அந்த நிறம் கூடவே போகும்; பழைய ஏபி 203இல் நிறம் தங்காது என்பதால், அனுப்பும்போது வகையைப் பார்த்துத் தேர்வு செய்ய வேண்டும். இந்தப் பகுதியின் உண்மையான பயன் மோல்டுக்காரருக்குத்தான். ‘இந்த எல்லைக்குள் டெக்ஸ்ச்சர் கூடாது, எஜெக்டர் பின் தடம் கூடாது, கேட் தடம் கூடாது, சிங்க் மார்க் கூடாது’ என்று ஒரு குறிப்பு எழுதி, அம்புக்குறியை அந்த முகத்தில் நிறுத்திவிடலாம். சொரசொரப்பான முகத்தில் சிறிய எழுத்து அச்சானால் ஓரங்கள் பிசிறடிக்கும். பின்புறத்து ரிப் காரணமாக முகப்பு லேசாகக் குழிந்திருந்தால் அந்த இடத்தில் மை சரியாகப் பிடிக்காது. மோல்டு செய்து முடித்த பிறகு இதைச் சொல்லிப் பயனில்லை.

எழுத்துகளின் வெளிக்கோடு டிராயிங்கில் தெரிந்தே ஆக வேண்டுமென்றால், ஆர்ட்வொர்க்கை டிஎக்ஸ்எஃப் ஆக வாங்கி ஸ்கெட்ச்சாக முகத்தில் வைத்து, அருகில் ‘பார்வைக்கு மட்டும், ஆர்ட்வொர்க் எண் இன்னது’ என்று எழுதிவிடுவேன்.

அடுத்தது அளவு. அச்சை எங்கிருந்து அளப்பது என்பதில்தான் டிராயிங் போடுபவரின் அனுபவம் தெரியும். பழக்கத்தில் எல்லோரும் உருப்படியின் ஓரத்திலிருந்து அளவு கொடுப்பார்கள். அச்சடிக்கும்போது உருப்படி ஒரு ஜிக்கில் உட்காரும். ஜிக் எந்தத் துளையை, எந்த விளிம்பைப் பிடிக்கிறதோ, அதிலிருந்துதான் அச்சின் இடம் உறுதியாகும். டிராயிங்கில் டேட்டமும் அதுவாகவே இருக்க வேண்டும். அச்சு எதோடு சேர்ந்து வேலை செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஒரு ஸ்டார்ட்டர் பேனலை எடுத்துக்கொள்வோம். மேற்கு மலையடிவாரத்துத் தென்னந்தோப்புகளிலும் மாந்தோப்புகளிலும் மோட்டார் ரூமுக்கு ரூம் தொங்குகிற அதே பெட்டிதான். அதில் ‘மேனுவல் – ஆஃப் – ஆட்டோ’ என்று திருகும் ஸ்விட்ச் இருக்கிறது. பேனலில் அதற்கு 22 மி.மீ. சொச்சத்தில் ஒரு வட்டத் துளை; ஸ்விட்ச் சுழன்றுவிடாமல் இருக்க அந்தத் துளையின் விளிம்பில் ஒரு சிறிய வெட்டு. ஸ்விட்ச்சின் திசையை முடிவு செய்வது அந்த வெட்டுதான். ஆகவே அச்சின் இடத்தைத் துளையின் மையத்திலிருந்தும், கோணத்தை அந்த வெட்டிலிருந்தும் கொடுத்தால்தான் குமிழின் முள் சரியான சொல்லைக் காட்டும். பேனலின் கீழ் ஓரத்திலிருந்து கொடுத்தால், தகடு வெட்டிய பிழை, மடித்த பிழை, அச்சின் பிழை எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேரும்.

எவ்வளவு டாலரன்ஸ் கொடுப்பது? கணக்குப் போட்டே முடிவு செய்யுங்கள். குமிழ் மையத்திலிருந்து 18 மி.மீ. தள்ளி ஒரு கோடு அச்சாகிறது என்றால், அது பக்கவாட்டில் 0.5 மி.மீ. நகர்ந்தால் கோணத்தில் சுமார் 1.6 டிகிரி பிசகும். மூன்றே நிலைகள் உள்ள ஸ்விட்சில் இது கண்ணுக்கே தெரியாது. அதே குமிழ் 300 டிகிரிக்குள் 60 நிமிடங்களைக் காட்டும் டைமர் என்றால், ஒரு நிமிடத்துக்கு 5 டிகிரி, 1.6 டிகிரி என்பது ஏறக்குறைய 20 விநாடிப் பிசகு. முதலாவதற்கு ±0.5 தாராளமாகப் போதும். இரண்டாவதற்கு இறுக்க வேண்டும், அச்சுக்காரரிடம் பேசி ஜிக்கையும் மாற்ற வேண்டும். நிறுவனச் சின்னத்துக்கோ ஒரு மில்லிமீட்டர் விட்டாலும் குறையில்லை, சாய்வு மட்டும் தெரியக் கூடாது. டிராயிங்கின் மூலையில் இருக்கிற பொது டாலரன்ஸ் அட்டவணை உலோகம் வெட்டுவதற்காக வைத்தது. அச்சுக்குத் தனியாக எழுதுங்கள்.

தமிழ் எழுத்துக்கு வருவோம். விவசாயி கையாளுகிற பொருளில் தமிழில் எழுதியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ‘அபாயம்’ என்பதும் ‘நிறுத்து’ என்பதும் அவர் மொழியில் இல்லாமல் வேறு எந்த மொழியில் இருந்து என்ன பயன்? ஆனால் நம்முடைய மாடலிங் மென்பொருள்கள் பலவும் தமிழைச் சரியாகக் கோப்பதில்லை. கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். ‘மோட்டார்’ என்று எழுதினால் ம தனியே, கொம்பு தனியே, கால் தனியே சிதறும். சில நேரம் வெறும் கட்டங்கள் வரும். உங்கள் கம்ப்யூட்டரில் சரியாகத் தெரிந்தது, அந்த ஃபாண்ட் இல்லாத இடத்தில் திறந்ததும் குலைந்துபோகும்.

சிவகாசி டிடிபி கடைகளில் சிக்கல் வேறு விதம். யூனிகோடு வருவதற்கு முன்பிருந்த முறைகளில் அமைந்த ஃபாண்டுகள் இன்னும் அங்கே புழக்கத்தில் உள்ளன. 2010இல் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ் 16 முறையையும் தரமாக அறிவித்த பிறகும், அச்சுத் தொழிலில் பழைய ஃபாண்டுகளின் அழகுக்காகவும் பழக்கத்துக்காகவும் அவை தொடர்கின்றன. நீங்கள் யூனிகோடில் அனுப்பும் வாசகத்தை அவர்கள் தங்கள் ஃபாண்டுக்கு மாற்றும்போது ஒரு ஒற்றோ ஒரு புள்ளியோ காணாமல் போகலாம். இதற்கு ஒரே வழி, எழுத்தை எழுத்தாக அனுப்பாமல் வளைகோடாக மாற்றி அனுப்புவது. டிசைன் மென்பொருளில் தமிழைச் சரியாகக் கோத்து, கர்வாக மாற்றி, பிடிஎஃப் ஒன்றும் டிஎக்ஸ்எஃப் ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். மாடலுக்குள் டிஎக்ஸ்எஃப் போகட்டும், அச்சுக்காரருக்கு பிடிஎஃப் போகட்டும். திருத்தம் செய்ய வசதியாக, வாசகத்தை அப்படியே தட்டச்சு செய்த ஒரு பிரதியும் உங்களிடம் இருக்க வேண்டும். கடைசியாக, தமிழ் நன்றாகப் படிக்கத் தெரிந்த ஒருவர் முழு அளவில் அச்சிட்ட தாளைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். எங்கள் வீட்டில் அது என் அம்மாவின் வேலை. றகர ரகரப் பிழை அவர் கண்ணுக்குத் தப்பாது.

எழுத்தின் அளவிலும் தமிழுக்குத் தனிக் கவனம் வேண்டும். ஆங்கிலப் பெரிய எழுத்து 2 மி.மீ. உயரத்தில் தெளிவாக அச்சாகும். அதே உயரத்தில் ‘ணை’, ‘ஞ’ போன்ற எழுத்துகளின் சுழிகளுக்குள் மை அடைத்துக்கொள்ளும். தமிழ் எழுத்தை 3 மி.மீட்டருக்குக் கீழே இறக்குவதில்லை என்று வைத்திருக்கிறேன். கோட்டின் கனமும் சுழிக்குள் இருக்கும் இடைவெளியும் 0.25 மி.மீட்டருக்குக் குறையாமல் பார்த்துக்கொள்கிறேன்.

சரிவான டப்பாவில் அச்சு என்பது தனிக் கலை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அது அடைத்து வருகிற வட்ட பிளாஸ்டிக் டப்பாக்களைக் கையில் எடுத்துப் பாருங்கள்: மேலே அகலம், கீழே குறுகல். நேரான செவ்வகத்தில் ஆர்ட்வொர்க் செய்து அதைச் சுற்றினால் எழுத்து வரி வில்லாக வளைந்து நிற்கும். டப்பாவின் பக்கத்தை விரித்தால் விசிறி வடிவம் வரும். ஆர்ட்வொர்க்கும் அந்த விசிறிக்குள்தான் அமைய வேண்டும். மேல் விட்டம் 100, கீழ் விட்டம் 90, சாய்வு உயரம் 60 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஆரங்களின் வித்தியாசம் 5. அதைச் சாய்வு உயரத்தால் வகுத்து 360ஆல் பெருக்கினால் விசிறியின் கோணம் 30 டிகிரி. சாய்வு உயரத்தை மேல் ஆரத்தால் பெருக்கி அந்த 5ஆல் வகுத்தால் வெளி வில்லின் ஆரம் 600. உள் வில் 540. சரிபார்க்க, 600 ஆரத்தில் 30 டிகிரி வில்லின் நீளம் சுமார் 314 மி.மீ.; மேல் விளிம்பின் சுற்றளவும் அதுவே. இந்த விரிப்பை டிராயிங்கிலேயே ஒரு தனித் தோற்றமாகப் போட்டு, லேபிள் சேரும் இடத்தையும் மேலேறும் அளவையும் குறித்துக் கொடுத்தால், ஆர்ட்வொர்க் செய்பவர் கண்ணை மூடிக்கொண்டு வேலையைத் தொடங்கலாம். பாலிப்ரொப்பிலீன் டப்பாவில் நேரடியாக அச்சடிப்பதானால், தீச்சுடர் அல்லது கொரோனா முறையில் முகத்தைப் பதப்படுத்த வேண்டும். இல்லையேல் மை நகத்தால் சுரண்டினாலே உரிந்துவிடும். இதையும் குறிப்பாக எழுதுங்கள்.

உணவுப் பொட்டலத்துக்குச் சட்டமும் உண்டு. சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள் 2011, நிகர அளவைக் காட்டும் எண்களுக்குக் குறைந்தபட்ச உயரம் வகுக்கிறது. வார்ப்பிலேயே எழும்பி வரும் எழுத்துக்கு, அச்செழுத்தைவிடக் கூடுதல் உயரம் கேட்கிறது. ஆர்ட்வொர்க்கை யாராவது அவசரத்தில் சிறிதாக்கினால் அந்த உயரம் குறைந்துவிடும். அதனால் அந்த ஒரு உயரத்தை மட்டும் டிராயிங்கில் அளவாகவே போட்டுவிடுங்கள். இதேபோல் விதிப்படி வருவது ஐ.எஸ்.ஐ. முத்திரை; அதன் மேலே தர எண்ணும் கீழே சிஎம்/எல் உரிம எண்ணும் வரும். உரிமம் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும் என்பதால் அந்த எண்ணை மோல்டில் குடைந்து வைப்பது சரியல்ல. அச்சிலோ லேபிளிலோ இருக்கட்டும்.

பெட்டி ஒன்று, பெயர்கள் பல என்பது நம் ஊர்த் தொழிலில் சாதாரணம். ஒரே மோல்டில் வரும் மூடிக்கு மூன்று நிறுவனங்களின் பெயர், இரண்டு மொழிகளில் வாசகம். இங்கே அச்சில்லாத மூடிக்கு ஒரு பார்ட் நம்பரும், அச்சிட்ட ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பார்ட் நம்பரும் கொடுங்கள். அச்சிட்ட பார்ட்டின் டிராயிங் ஒரே பக்கம்தான்: பொருள் பட்டியலில் அச்சில்லாத மூடி, ஆர்ட்வொர்க் எண், மை. வாசகத்தில் ஒரு சொல் மாறினால் அந்த ஒரு பக்கம் மட்டும் திருத்தம் பெறும். மோல்டு டிராயிங் அசையாது. குடோனில் கிடக்கும் அச்சில்லாத மூடி எந்தப் பெயருக்கும் போகும். ஒரே நம்பரில் எல்லாவற்றையும் வைத்தால், சொல் மாறியபோதெல்லாம் மோல்டுக்காரருக்குப் புதிய திருத்தம் போகும். என்ன மாறியது என்று தெரியாமல் அவர் போன் போடுவார்.

நிறத்தைத் திரையில் பார்த்து முடிவு செய்யக் கூடாது. மைக்கு பான்டோன் எண்ணும், பவுடர் கோட்டிங்குக்கு ரால் எண்ணும் எழுதுங்கள். கூடவே ஒப்புதல் பெற்ற மாதிரிகளில் ஒன்றை உங்களிடமும் ஒன்றை அச்சுக்காரரிடமும் வையுங்கள். மை பிடிப்பைச் சோதிக்க ஐஎஸ்ஓ 2409 குறுக்குவெட்டுச் சோதனையைக் குறிப்பிடலாம். வீட்டு மின்சாதனமானால், ஐஇசி 60335-1 சொல்கிறபடி தண்ணீரில் நனைத்த துணியால் 15 விநாடியும் பெட்ரோலியம் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் 15 விநாடியும் கையால் தேய்த்த பிறகும் எழுத்து படிக்கும்படி இருக்க வேண்டும். ‘மை உரியக் கூடாது’ என்று மட்டும் எழுதினால் எதைக் கொண்டு யார் சோதிப்பது?

டிராயிங்கை முடித்ததும் வாடிக்கையாளருக்கு அனுப்பும் முன் அச்சுக்காரரிடம் ஒரு முறை காட்டுங்கள். நம் மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு அந்த வசதி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. செட்டியார்பட்டியிலிருந்து ராஜபாளையம் போய் பஸ் மாறினால் சிவகாசி. ஸ்கிரீன் எப்படி ஏறுகிறது, பேட் எப்படி மையை எடுத்து வைக்கிறது, ஜிக் உருப்படியை எங்கே பிடிக்கிறது என்று பக்கத்தில் நின்று பாருங்கள். கேட்டால் சொல்லித்தரத் தயங்காதவர்கள் அவர்கள். கல்லூரிகளில் டிராயிங் கற்றுத்தருகிற ஆசிரியர்களும் மாணவர்களை ஒரு நாள் அங்கே அழைத்துப் போக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.